தூணெல்லாம் அழகுதான், மூல ஒப்பந்தம் எங்கே?

கேள்வி: நானும் என் தம்பியும் பங்குதாரர்களாகச் சேர்ந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு வருடமாக ஒரு நிறுவனம் நடத்துகிறோம். தனியார் மருத்துவமனைகளுக்கு பில்லிங், இன்சூரன்ஸ் கிளைம் பேப்பர் வேலை. எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் புதுச்சேரி மருத்துவமனைகள். இப்போதைய இடத்துக்கு வாடகை 18,000 ரூபாய், கரண்ட், நெட் எல்லாம் சேர்த்து மாதம் 26,000 ஆகிறது. வீட்டுக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் கிடையாது. இடம் சுமார்தான். மருத்துவமனை நிர்வாகிகள் யாராவது வருகிறேன் என்றால், நானே வந்து பார்க்கிறேன் சார் என்று சொல்லி ஓடிவிடுகிறேன்.

புதுச்சேரியில் மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைச் சரி செய்து சர்வீஸ்டு ஆபீஸாக விடுகிறார்கள். திண்ணை, தேக்குத் தூண், மாடியில் வளைவு ஜன்னல், முற்றத்தில் காகிதப்பூ. பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மாடியில் 18க்கு 14 அடி அறை. சீட்டுக்கு 7,500 வீதம் ஒன்பது சீட்டுக்கு 67,500, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மூன்று மாத அட்வான்ஸ். 11 மாத ஒப்பந்தம், அதில் ஒன்பது மாதம் லாக்-இன், அதாவது அதற்குள் காலி செய்ய முடியாது. ஏ.சி., நெட், ஜெனரேட்டர், ரிசப்ஷன், டீ, மீட்டிங் ஹால் எல்லாம் அவர்களுடையது. ஆடி முடிந்து ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம், அதற்குள் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். எடுக்கலாமா? 11 மாத ஒப்பந்தம் பாதுகாப்பானதா? எங்கள் ஜி.எஸ்.டி. பதிவை அந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் கணக்கைவிட அந்த வாசல்தான் அதிகம் தெரிகிறது. குறையாகச் சொல்லவில்லை. கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மாடி ஏறினால் பிரெஞ்சு வீடு என்ற அந்தக் கலப்புக்கு நானும் மயங்கியவன்தான். பதினான்கு வருடம் அப்படி ஒரு மாடியில்தான் என் ஆடிட் ஆபீஸ் இருந்தது. கிளையண்ட் படியேறி வரும்போதே பாதி மரியாதை வந்துவிடும். ஐப்பசி மழையில் ஃபைல் கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பதைப் பார்த்தால் அதில் கொஞ்சம் குறையும்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் சத்தமில்லாமல் ஒழுகுகிற இடம் அதுதான்.

ஜி.எஸ்.டி. பதிவை அந்த முகவரிக்கு மாற்ற முடியாது. உங்கள் எண் 33 என்று தொடங்குகிறது, அது தமிழ்நாடு. புதுச்சேரிக்கு 34. தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறீர்கள், ஆனால் வரிச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். ஒரே மாநிலத்துக்குள் வீடு மாறினால் திருத்தம் போடலாம். எல்லை தாண்டினால் புதுப் பதிவுதான்.

சரி, பதிவு வேண்டாம், 33ஐயே வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தால் என்ன என்று தோன்றும். இரண்டு சிக்கல். முதலாவது, புதுச்சேரியில் நிலையான இடம் வைத்து அங்கிருந்து வேலை செய்து கொடுத்தால் அங்கே பதிவு எடுத்தாக வேண்டும். இரண்டாவது, வாடகை மேல் விழும் வரி. அசையாச் சொத்து தொடர்பான சேவை என்றால், சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் வரி. ஆகவே அந்தச் சர்வீஸ்டு ஆபீஸை நடத்துபவர் உங்கள் பில்லில் மத்திய ஜி.எஸ்.டி.யும் புதுச்சேரி ஜி.எஸ்.டி.யும் போடுவார். தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு அந்த வரியை நீங்கள் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. 67,500க்கு 18 சதவீதம் 12,150. வருடத்துக்கு 1,45,800 ரூபாய். உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் பிள்ளையின் சம்பளம் அளவுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நடத்துபவரும் இதைச் சொல்லமாட்டார். அவர் மேல் தப்பில்லை, உங்கள் எண் 33 என்பதையே அவர் கவனித்திருக்கமாட்டார்.

34 எண் எடுத்தால் அந்தக் கிரெடிட் கிடைக்கும். ஆனால் கடலூரை மூடுகிற பட்சத்தில், பழைய எண்ணின் கிரெடிட் லெட்ஜரில் மிச்சமிருக்கும் தொகையைப் புது எண்ணுக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் அதைக் கரைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள். கடலூரையும் வைத்துக்கொண்டால் இரண்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள். ஒன்று இன்னொன்றுக்கு வேலை செய்து கொடுத்தால் அதற்கும் பில் போட வேண்டும்.

இங்கே சின்ன இடைச்செருகல். மஞ்சக்குப்பம் வீட்டுக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரிடம் கடையோ ஆபீஸோ வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற நிறுவனம், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். 18,000க்கு 3,240 மாதாமாதம் பணமாகக் கட்டிவிட்டு, கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். இதுவரை கட்டவில்லை என்றால் உங்கள் ஆடிட்டரை இந்த வாரமே பாருங்கள். புது ஆபீஸ் பேச்சு அப்புறம்.

இனி 11 மாத விஷயம். இந்த 11 எங்கிருந்து வந்தது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஊரே 11 மாதத்தில் நிற்கிறது. உங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் குத்தகையாகவே இருக்காது. ‘லீவ் அண்டு லைசென்ஸ்’ என்றோ ‘சேவை ஒப்பந்தம்’ என்றோ தலைப்பு இருக்கும். குத்தகை என்றால் இடத்தின் மேல் உங்களுக்கு ஓர் உரிமை பிறக்கிறது. லைசென்ஸ் என்றால் உட்கார அனுமதி, அவ்வளவுதான். புதுச்சேரிக்கென்று 1969ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாடகைதாரர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் நடத்துபவர்கள் கவனமாக இருப்பார்கள். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, இரு தரப்பின் நோக்கம் என்ன, இடம் முழுதாக யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. அதற்காகக் கோர்ட்டுக்குப் போய் நிரூபித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸ்டு ஆபீஸில் லைசென்ஸ்தான் இயல்பு. அதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். உரிமை கொடுக்காத இடத்துக்கு எதற்கு மூன்று மாத அட்வான்ஸ்?

ஆனால் உங்கள் கையில் வரும் அந்த ஒப்பந்தம் முக்கியமே இல்லை என்பேன். முக்கியமான தாளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்கும் நடத்துபவருக்கும் நடுவே உள்ள மூல ஒப்பந்தம்.

அந்த மாதிரி வீடுகளை நடத்துபவர்கள் சொந்தமாக வைத்திருப்பது அபூர்வம். வாடகைக்கு எடுத்து, பெயிண்ட் அடித்து, மேஜை போட்டு, சீட் சீட்டாக உள்வாடகைக்கு விடுகிறார்கள். உரிமையாளர் ஒருவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இந்த ஊரில் ஒரு பழைய வீட்டுக்கு அண்ணன் இங்கே, தம்பி பாரீஸில், அக்கா பிள்ளைகள் இன்னோர் ஊரில் என்று நாலு பங்கு இருக்கும். யாரோ ஒருவர் பவர் பத்திரம் வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டிருப்பார்.

என் கிளையண்ட் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு சீட் எடுத்திருந்தார். வாடகை பாக்கி ஒரு ரூபாய் கிடையாது. ஒரு திங்கள்கிழமை காலை போனால் தெருக் கதவில் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு. நடத்துபவரின் குத்தகை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. புதுப்பிப்பதில் வெளிநாட்டில் இருந்த பங்குதாரர் சம்மதிக்கவில்லை. உள்ளே ஆறு கம்ப்யூட்டர், ஒரு டிராயர் முழுக்க செக் புத்தகங்கள், வருமான வரி ரிட்டர்ன் கடைசித் தேதி அந்த வெள்ளிக்கிழமை. பதினோரு நாள் கழித்துத்தான் பெட்டியெல்லாம் வெளியே வந்தது. நடத்துபவர் போனை எடுத்தார், மரியாதையாகப் பேசினார், அட்வான்ஸை மட்டும் தவணை தவணையாக ஒன்றரை வருடம் கொடுத்தார். அவர் மோசக்காரர் இல்லை. அவருக்கே தங்க இடமில்லை.

அதனால் கேளுங்கள். மூலக் குத்தகை எதுவரை ஓடுகிறது? உள்வாடகைக்கு விட அதில் அனுமதி எழுதியிருக்கிறதா? கையெழுத்துப் போட்டவர் உரிமையாளரா, பவர் ஏஜென்டா? வாடகைத் தொகையை மறைத்துவிட்டுக் காட்டட்டும், அது அவர் வியாபார ரகசியம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உள்வாடகைப் பத்தியும் போதும். 34 எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இடத்தைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்ட எப்படியும் சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீதோ கரண்ட் பில்லோ வேண்டும். ஒரே முகவரியில் இருபது நிறுவனம் இருக்கும் இடம் என்றால் அதிகாரி நேரில் வந்து பார்க்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் அறை எண்ணும் சீட் எண்ணிக்கையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், கதவில் பெயர்ப்பலகை இருக்கட்டும். வரிப் பதிவுக்கென்று சொல்லிக் கேட்டால் அந்தத் தாள்கள் சுலபமாக வெளியே வரும். சந்தேகப்பட்டுக் கேட்கிற மாதிரி இருக்காது.

டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. பங்குதாரர் நிறுவனம் என்பதால், மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும் வாடகைக்கு 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 67,500க்கு 6,750. ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்கத் தேவையில்லை. திரும்ப வரவேண்டிய அட்வான்ஸுக்கும் பிடித்தம் இல்லை. நடத்துபவர் இது வாடகை இல்லை, சேவைக் கட்டணம், இரண்டு சதவீதம் பிடித்தால் போதும் என்பார். இடத்தையும் மேஜையையும் பயன்படுத்தக் கொடுக்கும் பணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் வருமான வரிச் சட்டத்தில் அது வாடகைதான். டீ, பிரிண்ட் அவுட் கட்டணத்தைத் தனி பில்லாகப் போட்டால் அதை வேறு விதமாகப் பார்க்கலாம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நான் இன்ஜினியர் இல்லை. பதினான்கு வருடம் அந்த மாதிரி வீட்டில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு பூசிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டு மூச்சு வாங்கும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த மழையில் உப்புப் பூத்து, பட்டை பட்டையாகக் கழன்று விழும். கடல் பக்கத்தில் இருப்பதால் இங்கே உப்புக்கும் பஞ்சமில்லை. கீழ்த்தளத்தில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் தெரிகிறதா, அல்லது அந்த உயரம் வரை பி.வி.சி. பலகை அடித்து அழகு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நான் குடியேறியபோது கேட்கவில்லை. இரண்டாம் வருடம் பலகையைக் கழற்றியபோது சுவர் கைக்கு மாவாக உதிர்ந்தது. அதை ஒட்டி நின்ற பீரோவுக்குள் 2009ஆம் வருடத்து வவுச்சர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளக் கட்டு மாதிரி ஆகியிருந்தன.

மாடித் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாக மரச் சட்டங்கள், அதன் மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கி சுண்ணாம்புக் கலவை. நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் தாங்கும். கரையான் ஏறினாலோ, மேலே தண்ணீர் தேங்கினாலோ சட்டத்தின் முனை, சுவருக்குள் போகிற இடத்தில், வெளியே தெரியாமல் செத்துப்போகும். நிமிர்ந்து பார்த்து, உத்திரம் சுவரைத் தொடுகிற மூலைகளில் கறை இருக்கிறதா, மண் கோடு மாதிரி கரையான் ஏறிய தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரே ஒரு பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

ஒன்பது கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். எங்களுக்கு எட்டு பேட்டரி இருந்தது. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது. நானூறு கிலோவை மாடி அறையின் நடுவில் ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார் கடைக்காரர். யாராவது வேகமாக நடந்தால் எதிர் மேஜையில் டீ டம்ளர் கிணுகிணுக்கும். ஒரு கொத்தனார் வந்து பார்த்துத் திட்டிய பிறகுதான் கீழே மாடிப்படிக்கு அடியில் இறக்கினோம். உங்கள் தொழிலில் ஃபைலும் நிறைய. இரும்பு ரேக்கெல்லாம் சுவரோரம்தான் நிற்க வேண்டும், அறையின் நடுவில் வேண்டாம்.

உயரமான கூரை வெயிலுக்கு நல்லது, ஏ.சி.க்குக் கெட்டது. பதினாலு அடி உயரத்துக்குக் குளிர வேண்டும், அந்த அழகான மரப் பலகை ஜன்னல்களின் இடுக்கு வழியே குளிர் தெருவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போய், எல்லா அறை ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி அரை மணி நேரம் உட்காருங்கள். அந்தத் தடித்த சுவர்களுக்கு வைஃபையும் ஊடுருவாது. உங்கள் அறைக்குக் கேபிள் இழுத்துத் தருவார்களா என்று கேளுங்கள்.

2014 நவம்பர் மழையில் கடற்கரை ஓரத்து மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அரசாங்கக் கட்டடம், ஊரே பெருமைப்பட்ட கட்டடம். 2021இல் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வெளித்தோற்றத்தை வைத்துப் பழைய கட்டடத்தின் உடம்பு தெரியாது என்பதற்குச் சொல்கிறேன். அந்த வீட்டைச் சரி செய்தபோது பொறியாளர் சான்று வாங்கியிருந்தால் நகல் கொடுக்கட்டும். தீயணைப்புக் கருவியும் இரண்டாவது வழியும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே மரப்படி, ஒரே தெருக் கதவு, மாடியில் இருபது பேர் என்பது எனக்கு உவப்பில்லை.

முகப்பில் பெயர்ப்பலகை மாட்ட ஆசைப்படுவீர்கள். பழைமைக் கட்டடம் என்ற கணக்கில் இருக்கும் வீடுகளில் முகப்பைத் தொடுவதற்கு முன் உரிமையாளரும் கேட்பார், நகராட்சியும் கேட்கும். பலகை எங்கே, எவ்வளவு பெரிது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அறையின் அளவையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். 18க்கு 14 என்றால் 252 சதுர அடி, ஆளுக்கு 28. இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார்ந்தால் ஒருவர் எழுந்திருக்க மற்றவர் நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும். இதில் ரேக் எங்கே நிற்கும்?

உங்கள் தொழிலுக்கென்று ஒரு கவலை. அங்கே பிரிண்டர் பொது. டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை அனுப்பிவிட்டு நீங்கள் கீழே இறங்கி வருவதற்குள் பக்கத்து அறை டிராவல்ஸ் பையன் டிரேயில் இருந்து தன் டிக்கெட்டோடு அதையும் எடுத்துப் பார்த்திருப்பான். யாருக்கு என்ன வியாதி என்பது வெளியே போனால் மருத்துவமனை உங்களைத்தான் கேட்கும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சொந்தப் பிரிண்டர், தனி நெட் இணைப்பு, அறைச் சாவியின் நகல் யாரிடம் இருக்கிறது என்ற விவரம், இந்த மூன்றும் இல்லாமல் நோயாளி காகிதம் எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் சண்டை போடும் இடம் லாக்-இன். ஒன்பது மாதம் நீங்கள் காலி செய்யக் கூடாது, ஆனால் அவர்கள் முப்பது நாள் நோட்டீஸில் உங்களைக் காலி செய்யச் சொல்லலாம் என்று இருக்கும், படித்துப் பாருங்கள். கட்டு என்றால் இரண்டு பேருக்கும் கட்டு. மூலக் குத்தகை முடிந்தோ, கட்டடம் பழுதாகியோ அவர்களால் இடம் தர முடியாமல் போனால் லாக்-இன் அன்றே செத்தது, அட்வான்ஸ் ஏழு நாளில் முழுதாகத் திரும்ப வேண்டும், உங்கள் பொருள்களை எடுக்க எந்தத் தடையும் கூடாது. இந்த ஒரு பத்திக்காக மற்றதில் விட்டுக்கொடுக்கலாம். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாதம் பிடிப்பது இங்கே வழக்கம். உள்ளே போகும் அன்றே சுவரைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அவருக்கே அனுப்பிவையுங்கள். தானாக உரியும் சுவருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம்.

விடுமுறையையும் பாருங்கள். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள். 1954, 1962 வருடங்களின் நினைவாக இங்கே அரசு விடுமுறை. கடலூரில் வேலை நாள். அன்று ரிசப்ஷன் மூடி, ஜெனரேட்டர் ஆள் வராமல் இருந்தால் உங்கள் கிளைம் நிற்கும். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டத்தில் ஊர் நடுவே ஓடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போகும்.

எடுக்கலாமா என்று கேட்டீர்கள். ஒன்பது சீட் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வரிக் கிரெடிட் கிடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டாலும் இப்போதைய செலவைவிட வருடத்துக்கு 4,98,000 ரூபாய் கூடுதல். அதற்கு மேல் ஏழு பேர் தினமும் கடலூரிலிருந்து பஸ் ஏறி, ஸ்டாண்டிலிருந்து டெம்போ பிடித்து வர வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணையில் வெள்ளம். கடலூரிலிருந்து வரும் என் அசிஸ்டெண்ட் அந்த வாரம் முழுக்க வரவில்லை. உங்கள் மொத்த ஆபீஸும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்றால் என்ன ஆகும்?

உங்களுக்கு உண்மையில் வேண்டியது மருத்துவமனைக்காரர்களை உட்கார வைத்துப் பேச ஓர் இடம். அந்த வீட்டிலேயே மீட்டிங் ஹாலை மணிக் கணக்கில், நாள் கணக்கில் தருவார்களா என்று கேளுங்கள். மாதம் நாலைந்து நாள் போதும். வேலையும் பில்லும் கடலூரிலிருந்தே நடக்கும்வரை 33 எண் அப்படியே இருக்கலாம். மணிக் கணக்கு ஹாலுக்குக் கொடுக்கும் சின்ன வரியைக் கிரெடிட் இல்லாமல் விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு மாதத் தொகையை எடுத்து மஞ்சக்குப்பம் மாடிப்படிக்கு நல்ல விளக்கும் சுவருக்கு வெள்ளையும் அடியுங்கள். ஓடிப்போய்ப் பார்க்கும் வழக்கம் பாதியாகக் குறையும்.

ஆவணி அவசரம் அவர்களுடையது. உங்களுக்குத் தை மாதம் வரை நேரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், ஹாலை புக் செய்வதாகச் சொல்லிக்கொண்டு போங்கள். மாடி அறையில் கடல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று நின்று கவனியுங்கள். ரிசப்ஷனில் பக்கெட் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், எங்களிடம் மூன்று இருந்தது.

அதற்குப் பிறகும் மனசு அங்கேயே இருந்தால் மூன்று சீட்டில் தொடங்குங்கள். மாதம் 22,500, டி.டி.எஸ். தொல்லை இல்லை. ஆனால் ஆட்களை உட்கார வைத்து வேலை நடக்கப் போகிறது என்றால் அன்றே 34 எண்ணுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அப்போது ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பினால் படித்துச் சொல்கிறேன். கூடவே மூல ஒப்பந்தத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வரட்டும். அவை இல்லாமல் அனுப்பினால் நானும் திருப்பித்தான் அனுப்புவேன்.